சுழி பார்த்து வாங்கிய நொண்டிக் குதிரை

மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து நம் வாசகத் தோழர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவரும் அவர் தம்பியும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். வேலை நின்றால் கூலி நிற்கும். ஆனால் வயிறு மட்டும் நிற்பதில்லை. அந்த மாதங்களுக்கு ஒரு பிழைப்பு வேண்டுமென்று யோசித்து, மூன்று வருஷ காலம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் அண்ணனும் தம்பியுமாக ஒரு பெண் குதிரை வாங்கினார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம், கடற்கரைக்கு வருகிற பிள்ளைகளை ஏற்றிச் சுற்றலாம், குட்டி போட்டால் அதையும் வளர்த்து விற்கலாம் என்பது கணக்கு. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் குதிரை நாலாவது மாதமே நொண்டிவிட்டது.

இதற்காக நாம் வருத்தப்பட்டோம் என்றாலும், நம்மை எழுதத் தூண்டியது அந்த நொண்டல் அல்ல. கடிதத்தின் கடைசியில் தோழர் கேட்டிருந்த கேள்வியே ஆகும். "தரகர் சொன்ன சுழி பொய்யாய்ப் போய்விட்டது. குதிரைச் சுழியின் பலன்களைச் சரியாக எழுதிய சாஸ்திரம் எது? அது எங்கே கிடைக்கும்?" என்று அவர் கேட்டிருக்கிறார். தோழர்களே! ஒரு சோதிடன் சொன்னது பலிக்கவில்லையென்றால் சோதிடம் பொய் என்று நினைப்பதற்குப் பதிலாக, வேறு நல்ல சோதிடன் யார் என்று விசாரிக்கிறோமே, அந்தப் புத்திதான் இங்கே குதிரை மேல் ஏறி வந்திருக்கிறது.

நாம் நேரில் போய்ப் பார்த்தோம். பாத்திகளின் வரப்பு வழியாக நடந்து, உப்புக் குவியல்களைக் கடந்து, தோழரின் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் அந்தக் குதிரையைக் கண்டோம். முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நின்றது. முன் குளம்புகளைத் தொட்டால் சூடு. குளம்பைச் சுற்றி வளையம் வளையமாக மேடு. இது குளம்புக்குள்ளே உண்டாகும் அழற்சி என்பதும், அந்த வளையங்கள் நாலு மாதத்தில் வந்தவையல்ல, விற்கப்படுவதற்கு முன்பே வியாதி இருந்ததற்கு அடையாளம் என்பதும் கால்நடை வைத்தியர் எவருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். வாங்கும்போது குளம்பைப் பார்த்தீர்களா என்று தோழரைக் கேட்டோம். "இல்லை, கழுத்தைப் பார்த்தோம்" என்றார்.

நடந்தது இதுதான். சந்தையில் இரண்டு குதிரைகள் நின்றன. ஒன்று சாதாரணச் செம்பழுப்பு. காலும் குளம்பும் உறுதி. நடந்தால் மேலே இருப்பவன் குலுங்காத நடை. விலையும் குறைவு. ஆனால் அதன் கண்ணுக்குக் கீழே ஒரு மயிர்ச்சுழி இருந்தது. "கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வாங்கினவன் வீட்டில் கண்ணீர் ஓயாது" என்று தரகர் சொல்லிவிட்டார். மற்றொன்றுக்கோ கழுத்தில் நீண்ட சுழி. அது தெய்வச் சுழியாம். கொட்டிலில் கட்டினால் லட்சுமி வந்து உட்காருவாளாம். ஆகவே தெய்வச் சுழிக்கு இரட்டிப்பு விலை கொடுத்தார்கள். கண்ணீர்ச் சுழிக்காரியை வேறு ஊர்க்காரர் ஒருவர் மலிவாக வாங்கிப் போய்க் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாடகைக்கு விடுகிறாராம். இப்போது கண்ணீர் எந்த வீட்டில் இருக்கிறது, லட்சுமி எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இது ஒரு தரகரின் புரட்டு மாத்திரமல்ல. மார்வாரிக் குதிரை வாங்குகிறவர்களிடையே, கழுத்தில் இறங்கும் நீண்ட சுழி அதிர்ஷ்டம், கண்ணுக்குக் கீழுள்ள சுழி ஆகாது, கணுக்காலில் சுழி இருந்தால் ஜயம் என்னும் நம்பிக்கை இன்றைக்கும் இருந்து வருகிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. வடநாட்டு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளெல்லாம் அங்கே விலைக்கு வருகின்றன. நம் ஜனங்களின் வாயில் குதிரையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருகிற வார்த்தை "சுழி சுத்தமா?" என்பதுதானே! கால் சுத்தமா, கண் சுத்தமா, மூச்சு சுத்தமா என்று கேட்பவன் எத்தனை பேர்?

சுழி என்பது என்ன? கருவிலே தோல் வளர்ந்து விரியும்போது மயிர்க்கால்கள் சாயும் திசை மாறுகிற இடத்தில் மயிர் வட்டமாகச் சுருண்டு நிற்கிறது. அவ்வளவே. நம் ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் அது இருக்கிறது. மேல்தோலும் மூளையும் கருவில் ஒரே படலத்திலிருந்து உண்டாவதால், முகத்துச் சுழி இருக்கும் இடத்துக்கும் மிருகத்தின் சுபாவத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று மேல்நாட்டில் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். தாராளமாக அளக்கட்டும். அளந்து பார்ப்பதை நாம் ஒருக்காலும் வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் குதிரையின் கன்னத்தில் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, அதை வாங்கினவனின் பெண்சாதி சாவாளா, வழக்கு ஜெயிக்குமா, பணம் வருமா என்று சொல்லுவதற்கு எவன் அளந்தான்? எத்தனை குதிரையை அளந்தான்? எத்தனை வீட்டில் போய் எண்ணினான்? இதைக் கேட்டால் "சாஸ்திரம்" என்பார்கள்.

சாஸ்திரம் இல்லாமலில்லை. சாலிஹோத்திரன் பேராலும் நகுலன் பேராலும் அசுவ சாஸ்திரங்கள் வழங்குகின்றன. நகுலன் பேரில் உள்ளதைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூல் நிலையத்தார் 1952ஆம் வருஷம் அச்சிட்டும் இருக்கிறார்கள். இவ்வகை நூல்களில் குதிரைக்கு வரும் வியாதி, மருந்து, தீனி, பழக்கும் முறை என்று உபயோகமான விஷயங்களும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அனுபவத்தால் கண்டறிந்ததை எழுதியவரை நாம் மதிக்கிறோம். ஆனால் அதோடு நிற்காமல் என்ன செய்தார்கள் தெரியுமா? குதிரையிலும் பிராமணக் குதிரை, க்ஷத்திரியக் குதிரை, வைசியக் குதிரை, சூத்திரக் குதிரை என்று நாலு வருணம் வகுத்துவிட்டார்கள்! புல் தின்று சாணம் போடுகிற மிருகம், தனக்கு வருணம் இருப்பதே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முதுகிலும் கொண்டுபோய் மனுதர்மத்தைச் சேணமாகக் கட்டினார்களே, இவர்களுடைய புத்தியை என்னவென்று சொல்லுவது?

நிற்க. இத்தனை சாஸ்திரம் வைத்திருந்த நாட்டில் குதிரை எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். மரக்காணம் இன்றைக்கு உப்புக்குப் பேர்போன ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். கப்பல் கண்ட கரை இது. இந்தக் கடல் வழியாகத்தான் தமிழ்நாட்டு அரசர்களுக்குக் குதிரை வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலையும் சொல்லுகிறது. அக்காலத்திலிருந்தே நமக்குக் குதிரை என்றால் வெளியிலிருந்து வருகிற சரக்கு.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பதைக் கேளுங்கள். இந்த நாட்டில் குதிரை பிறப்பதில்லை. ஆர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வியாபாரிகள் கப்பலில் ஏற்றி வருகிறார்கள். அரசனும் அவன் சகோதரர் நால்வரும் ஆளுக்கு வருஷத்துக்கு 2000க்கு மேல் வாங்குகிறார்கள். பொன்னாகக் கொட்டிக் கொடுக்கிறார்கள். வருஷக் கடைசியில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை. ஏனென்றால் குதிரையைப் பராமரிக்க இவர்களுக்குத் தெரியவில்லை, லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றையும் அவர் சொல்லுகிறார். அந்த வியாபாரிகள் லாடக்காரனைத் தங்களோடு அழைத்து வருவதில்லை, வேறு எவனையும் வரவும் விடுவதில்லை. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷ வியாபாரம் என்ன ஆவது!

அந்த யாத்திரிகர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதியாகத் தள்ளிக்கொள்ளுங்கள், காலாகத் தள்ளிக்கொள்ளுங்கள். சங்கதி மாறப் போவதில்லை. சாஸ்திரம் இருந்தது, லாடக்காரன் இல்லை. சுழிக்குப் பலன் சொல்ல ஆள் இருந்தான், குளம்புக்குப் பரிகாரம் செய்ய ஆள் இல்லை. குடிகளிடம் வாங்கிய வரிப்பணம் குதிரையாய் வந்து, கொட்டிலிலே செத்து, மறுபடி பொன்னாய்க் கப்பலேறிப் போயிற்று.

குதிரை வாங்கும் பணத்தைப் பற்றி நம் புராணக்காரர்களும் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். பாண்டியன் குதிரை வாங்கி வரச் சொல்லி மந்திரி வாதவூரரிடம் பொன் கொடுத்து அனுப்பினான். அவர் திருப்பெருந்துறைக்குப் போனார். அங்கே ஞானம் வந்துவிட்டது. பொன்னெல்லாம் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. அரசன் குதிரை எங்கே என்று கேட்டபோது, கடவுள் நரிகளைக் குதிரையாக்கி ஓட்டிக்கொண்டு வந்து கொட்டிலில் கட்டினார். இரவில் அவை மறுபடி நரியாகிப் பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. இந்தக் கதையைப் பக்தியோடு கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களை நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். ஒரு தரகன் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, அதை வேறு காரியத்துக்குச் செலவழித்துவிட்டு, காலையில் குதிரையென்று காட்டி இரவில் நரியாகப் போகிற சரக்கைக் கட்டிவிட்டுப் போனால் அதை நீங்கள் திருவிளையாடல் என்று சொல்லுவீர்களா, அல்லது போலீசுக்குப் போவீர்களா? உப்பளத்துத் தோழர் வாங்கிய தெய்வச் சுழிக் குதிரை நாலு மாதத்தில் நரியானதும் இந்த விளையாட்டில் சேர்ந்ததுதானே!

இன்னொரு குதிரை வியாபாரமும் நம் கிராமங்களில் உண்டு. ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைப்பது. ஆளுயரத்துக்கு மேல் மண்ணால் குதிரை வனைந்து சுடுகிற குயவர்களின் கைத்திறமையை நாம் மெச்சுகிறோம். அது பெரிய கலை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்குப் போக வேண்டிய பணம் மண் குதிரைக்குப் போகிறதே, அதைத்தான் ஆட்சேபிக்கிறோம். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று பழமொழி சொல்லுகிற அதே ஜனங்கள்தான் மண் குதிரைக்கு நேர்ந்துகொள்ளுகிறார்கள். பழமொழி சொன்ன பாட்டனுக்கு இருந்த பகுத்தறிவு பேரனுக்கு இல்லாமல் போயிற்று.

இனி, கடலுக்கு அப்பால் ஒரு குதிரையின் கதையைச் சொல்லுவோம். அமெரிக்காவில் மார்கன் என்று ஒரு பெயர்பெற்ற குதிரை இனம் இருக்கிறது. அந்த இனம் முழுவதும் 1789ஆம் வருஷம் பிறந்த ஒரே ஒரு ஆண் குதிரையின் சந்ததி. அதன் பெயர் ஃபிகர். ஜஸ்டின் மார்கன் என்ற பாட்டு வாத்தியார் ஒருவர், தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக அதைப் பெற்று வெர்மாண்ட் மாகாணத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. உயரம் சுமார் 56 அங்குலம்தான். அதாவது, பார்ப்பதற்குச் சின்னக் குதிரை. அதன் தகப்பன் இன்ன ஜாதிக் குதிரையென்று பிற்காலத்தில் பலர் சாதித்தார்கள், மறுத்தார்கள், சண்டை போட்டார்கள். தாயைப் பற்றியோ இன்னும் குறைவாகவே தெரியும். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் கோத்திரம் தெரியாத குதிரை.

ஆனால் அது மரம் இழுத்தது, ஏர் உழுதது, வண்டி இழுத்தது, பந்தயத்தில் ஓடியது. அதற்குப் பிறந்த குட்டிகளும் அப்படியே உழைத்தன. குடியானவர்கள் அதன் உழைப்பைப் பார்த்தார்கள், குட்டிகளின் உழைப்பைப் பார்த்தார்கள், தங்கள் பெண் குதிரைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1821இல் அது செத்தது. அதன் சந்ததிகளின் வம்சாவளிப் புத்தகத்தை ஜோசப் பேட்டல் என்பவர் 1894இல்தான் முதன்முதல் அச்சிட்டார். பார்த்தீர்களா! முதலில் உழைப்பு, பிறகு சந்ததியின் உழைப்பு, செத்து 73 வருஷம் கழித்துத்தான் வம்சப் புத்தகம். நம் நாட்டிலோ முதலில் புத்தகம், பிறகும் புத்தகம், கடைசி வரையில் புத்தகம். உழைப்பு என்ற அத்தியாயமே அதில் இல்லை.

அந்த மார்கன் இனத்திலும் சில குதிரைகளுக்கு ஒரு தனி நடை உண்டு. சாதாரணக் குதிரை சற்று வேகமாகப் போனால் இரண்டிரண்டு காலாக எழுப்பி வைத்துத் துள்ளும். மேலே இருப்பவனுக்கு இடுப்பு ஒடியும். தனி நடைக் குதிரையோ நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, தலையில் நீர்க்குடம் வைத்து நடக்கிற பெண்ணைப்போல அலுங்காமல் போகும். மார்வாரிக் குதிரைக்காரர்கள் ரேவால் என்று சொல்லுவதும் இத்தகைய சுகமான நடையைத்தான். இந்த நடை எங்கிருந்து வருகிறது? எந்தச் சுழியிலிருந்து வருகிறது? 2012ஆம் வருஷம் ஸ்வீடன் தேசத்து உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து நேச்சர் பத்திரிகையில் வெளியிட்டார்கள். டி.எம்.ஆர்.டி.3 என்னும் ஒரு மரபணுவில், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து கால்களுக்குக் கட்டளை போகிற நரம்புகளின் அமைப்பை அது மாற்றுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால் குட்டிக்கு அந்த நடை சுலபமாகிறது. உலகத்தின் பல பாகத்துக் குதிரைகளில் அதே மாற்றம் இருப்பது பிறகு தெரிந்தது. மார்கன் இனத்தில் அது சிலவற்றில் மட்டுமே உண்டு. ஆகவே நடைக்காக மார்கன் வளர்க்கிறவன், குதிரையின் பிடரியிலிருந்து வேரோடு நாலு மயிரைப் பிடுங்கிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கேயும் மயிரைத்தான் பார்க்கிறார்கள், அங்கேயும் மயிரைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது வேர், நாம் பார்ப்பது சுழி!

இங்கே ஜாதிப் பித்தர்கள் எழுந்து நின்று, "பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். குதிரையில் ஜாதி உண்டு, வம்சத்தால் குணம் வருகிறது. மனிதனிலும் அப்படித்தானே?" என்று கேட்பார்கள். வெகு காலமாக நம் கூட்டங்களில் கேட்கப்படுகிற கேள்வி இது. ஆதலால் நேராகவே பதில் சொல்லுகிறோம்.

முதலாவது, குதிரை இனம் என்பது மனிதன் ஒரு வேலைக்காகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கியது. மார்கன் இனத்துக்கு வயது 230 சொச்சம் வருஷம்தான். கடவுளின் முகத்திலிருந்தும் காலிலிருந்தும் எந்தக் குதிரையும் பிறக்கவில்லை. இரண்டாவது, குதிரை வளர்ப்பவன் ஒவ்வொரு தலைமுறையிலும் பரீட்சை வைக்கிறான். தாத்தா எவ்வளவு பெரிய பந்தயக் குதிரையானாலும் பேரன் நொண்டியானால் அவனை இனவிருத்திக்கு வைப்பதில்லை, காயடித்துவிடுகிறான். ஜாதி ஆசாரக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சையை வைக்கச் சம்மதிப்பார்களா? மூன்றாவது, வம்சப் புத்தகத்தை இறுக மூடிக்கொண்டு நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால், ஒளிந்திருக்கும் கோளாறுகள் வெளிப்பட்டு இனமே நோயாளியாகிறது என்பது குதிரை வளர்ப்பவர்கள் பட்டு அறிந்த பாடம். நாலாவதும் முக்கியமானதும் என்னவென்றால், குதிரை இனங்களை மனிதன் பிரித்தது தன் வேலைக்காக, தான் ஏறிச் சவாரி செய்வதற்காக. மனிதரில் ஜாதியைப் பிரித்ததும் அப்படியேதான், யாரோ ஏறிச் சவாரி செய்வதற்காக! இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குதிரை ஜாதியும் மனித ஜாதியும் ஒன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

இதை வெறும் பேச்சென்று எண்ண வேண்டாம். ஒரு காலத்தில் மார்வாரிக் குதிரை மேல் ராஜபுத்திரரும் க்ஷத்திரியரும் தவிர வேறொருவர் ஏறக்கூடாது என்றிருந்ததாகச் சொல்லுவார்கள். அந்தக் காலம் போய்விட்டதா? 2018ஆம் வருஷம் மார்ச்சு மாதம் குஜராத்தில் பவநகர் ஜில்லாவில் 21 வயதுத் தாழ்த்தப்பட்ட வாலிபர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவர் குதிரை வைத்துக்கொண்டு சவாரி செய்தது மேல்ஜாதியார் சிலருக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் கொன்றார்கள் என்று அவர் குடும்பத்தார் புகார் சொன்னார்கள். வடநாட்டிலே தாழ்த்தப்பட்ட வகுப்பு மாப்பிள்ளை கல்யாணத்தன்று குதிரை ஏறி ஊர்வலம் போவதற்குப் போலீஸ் காவல் வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு முன்னும் பின்னும் துப்பாக்கி! குதிரைக்குப் பயமில்லை, தன் மேல் ஏறியவன் ஜாதி என்னவென்று அது கேட்கவில்லை. அதனினும் கீழான புத்தியுள்ளவன்தான் கேட்கிறான். நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 2013ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இதே மரக்காணத்தில் ஜாதியின் பேரால் கலகம் நடந்து ஏழைகளின் குடிசைகள் எரிந்ததை நாம் மறந்துவிட்டோமா? வெயிலில் நின்று உப்பு வாருகிற கால் எந்த ஜாதிக் காலானாலும் ஒரே மாதிரிதான் வெடிக்கிறது. அது தெரிந்தும் தெருவில் வந்தால் ஜாதி!

ஆகவே உப்பளத்துத் தோழருக்கும், குதிரை வாங்கும் எண்ணமுள்ள மற்றவர்களுக்கும் நாம் சொல்லக்கூடிய சாஸ்திரம் இதுதான். பல்லைப் பார்த்து வயதை அறியுங்கள். நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். சூடும், வளையமும், நாற்றமும் இருந்தால் விட்டுவிடுங்கள். கெட்டித் தரையில் நேராக ஓட்டச் சொல்லிப் பாருங்கள். முன்னங்கால் நோகிற குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். அது பொய் சொல்லாது. கண்ணுக்கு முன்னே கையை அசைத்துப் பாருங்கள். ஓட்டி நிறுத்தி மூச்சைக் கவனியுங்கள். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய வியாதி குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றக்கூடியது. ஆதலால் ரத்தப் பரிசோதனை செய்த சீட்டு இல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். சுழி சொல்லுகிறவனுக்குக் கொடுக்கிற தக்ஷிணையைக் கால்நடை வைத்தியருக்குக் கொடுங்கள்.

கடற்கரையில் வளர்க்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. மணல் தரையில் தீனி போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிக் கொல்லும் வயிற்றுவலி உண்டாகும். தொட்டியில் வைத்துக் கொடுங்கள். நம் கரையின் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அப்படிப்பட்டதை வெயிலில் ஓட்டினால் விழுந்துவிடும். குதிரையின் வியர்வை மனிதன் வியர்வையைவிட உப்பு மிகுந்தது. ஆதலால் உழைக்கிற குதிரைக்குத் தினம் உப்பும், வேண்டிய அளவு நல்ல தண்ணீரும் வேண்டும். உப்பளத்தில் இருந்துகொண்டே குதிரைக்கு உப்பு வைக்காதவர்களை நாம் பார்த்தோம். கொட்டில் வாசலில் மட்டும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது!

குட்டி எடுக்க நினைப்பவர்கள், பெண் குதிரை சுமார் பதினொரு மாதம் சுமக்கும் என்பதையும், நொண்டிக்குப் பிறப்பது பணமாகாது என்பதையும் கருத வேண்டும். நம் நாட்டில் இதைக் கற்க இடமில்லாமலில்லை. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது. ஹிசாரில் குதிரைகளுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் 1985 முதல் நடக்கிறது. அதைச் சேர்ந்த பிகானீர் நிலையத்தில் 2023இல், ஒரு குதிரையின் கருவை எடுத்து வேறொரு குதிரையின் வயிற்றில் வைத்து மார்வாரிக் குட்டி ஈனச் செய்தார்கள். நம் ஓசூரிலேயே 1824இல் கும்பினிக்காரர்கள் பட்டாளத்துக் குதிரைக்காகப் பண்ணை வைத்தார்கள். இருந்தும், இந்தியாவில் பதிவு பெற்ற குதிரை இனங்களில் தமிழ்நாட்டு இனம் என்று ஒன்றுகூட இல்லை. கடல் வழியே பொன் கொடுத்து வாங்கிய புத்தி மாறவில்லை. அன்று ஆர்முஸ், இன்று வடநாடு. துறைமுகம்தான் மாறியிருக்கிறது.

நாம் புறப்படும்போது தோழர் மெல்ல ஒரு சங்கதி சொன்னார். அதே தரகர் திரும்பி வந்து, "வைத்தியம் பார்த்து ஒரு மாதம் நிறுத்துங்கள், நொண்டல் கொஞ்சம் அடங்கும். கழுத்துச் சுழியைச் சொல்லி வேறு ஊரில் நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறேன்" என்றாராம். தம்பிக்கு அதில் சம்மதம். அண்ணனுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை, ஆனால் மூன்று வருஷச் சம்பாத்தியம் கொட்டிலில் நொண்டிக்கொண்டு நிற்கிறது. நாம் என்ன சொல்ல முடியும்? ஒன்று மட்டும் சொன்னோம். "தோழரே, நீங்கள் ஏமாந்தது சுழியால் அல்ல. உங்களுக்கு முன்னே ஏமாந்த ஒருவர் அதே சுழியைச் சொல்லி உங்கள் தலையில் கட்டியதால். இந்தச் சங்கிலி எங்கேயாவது ஓரிடத்தில் அறுபட வேண்டும்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டத் தொடங்கினார். கழுத்தை அவர் பார்க்கவேயில்லை.